அமெரிக்கப் புரட்சிப் போர்ல இருந்த முப்பாட்டனைத் தேடுறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்க அமெரிக்காவுல இருக்கிற நம்ம குடும்பங்கள்ல மருமகனோ மருமகளோ அமெரிக்கக்காரங்களா இருக்கிறது இப்போ சகஜம். பேரப்பிள்ளைங்க ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ ப்ராஜெக்ட்னு ஆரம்பிச்சா அப்பா பக்கம் ஒரு தாத்தா 1776 வாக்குல பிரிட்டிஷ்காரங்களை எதிர்த்துப் போராடின வாஷிங்டன் படையில இருந்தார்னு சம்பந்தி வீட்ல ஒரு பேச்சு வரும், அது உண்மையா எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு என்கிட்ட கேட்பாங்க. 2026-ல சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 வருஷம்ங்கிறதால இப்ப ரொம்பவே கேட்கிறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா பதில் எழுதுறதுக்குப் பதிலா மொத்தமா இங்க எழுதிடுறேன்.

பேரு தெரியும். நேரா போர் ரெக்கார்ட்ல தேடிடலாமா?

தயவுசெஞ்சு அப்படி ஆரம்பிக்காதீங்க. முக்கால்வாசி பேர் வழி தப்புறது இங்கதான். ஜான் ஸ்மித்னு டைப் பண்ணா நூறு ஜான் ஸ்மித் வருவாங்க, அதுல ஒருத்தரை பிடிச்சு இவர்தான் நம்ம ஆளுன்னு முடிவு பண்ணிட்டு கீழ இறங்கி வந்தா எங்கயாவது ஒரு தலைமுறையில வலுக்கட்டாயமா ஒட்ட வைக்க வேண்டி வரும். இன்னைக்கு உயிரோட இருக்கிறவங்ககிட்ட ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா பின்னாடி போங்க. பிறப்பு, கல்யாணம், இறப்பு, அதோட முக்கியமா இன்னார் பிள்ளை இவர்னு சொல்ற ஒரு காகிதம், இது ஒவ்வொரு தலைமுறைக்கும் வேணும். பெரும்பாலும் ஆறு ஏழு தலைமுறை போக வேண்டி இருக்கும், சில குடும்பத்துல எட்டு கூட ஆகும்.

ஒருத்தர் போர்ல இருந்தார்னு நிரூபிக்கிறது அவ்வளவு கஷ்டம் இல்லைங்க. அந்த சோல்ஜரும் உங்க தாத்தாவும் ஒரே ஆள்னு நிரூபிக்கிறதுதான் உண்மையான வேலை. கீழ நான் எழுதுறது எல்லாமே சுத்திச் சுத்தி இந்த ஒரு விஷயத்துக்குத்தான் வரும்.

சென்சஸ்ல எவ்வளவு தூரம் பின்னாடி போக முடியும்?

முதல் சென்சஸ் 1790. ஆனா 1850க்கு முன்னாடி குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும், மத்தவங்க எல்லாம் இந்த வயசுல இத்தனை ஆண், இத்தனை பெண்ணுன்னு வெறும் எண்ணிக்கைதான். 1850-லதான் வீட்ல இருக்கிற சுதந்திரமான ஆளுங்க எல்லாரோட பேரும் வருது, அதுலயும் யார் யாருக்கு என்ன உறவுன்னு எழுத ஆரம்பிச்சது 1880-ல. அதனால ஒரே வீட்ல ஒரே சர்நேம்ல இருக்கிறதாலேயே அப்பா பிள்ளைன்னு எடுத்துக்காதீங்க, பெரியப்பா வீட்ல வளர்ந்த பையனா கூட இருக்கலாம். 1890 சென்சஸ் 1921-ல நடந்த தீ விபத்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட முழுசா போயிடுச்சு.

இதுல ரொம்ப சிரமமான இடம் 1790-லேர்ந்து 1850 வரைக்கும். அங்க உயில், சொத்துப் பிரிச்ச கோர்ட் பேப்பர், நிலம் வித்த பத்திரம், சர்ச் ஞானஸ்நானப் பதிவு, குடும்ப பைபிள்ல எழுதி வச்ச பக்கம், இதெல்லாம்தான் கை கொடுக்கும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மாதிரி நியூ இங்கிலாந்து பக்கம் டவுன் ஆபீஸ்ல ஆரம்பத்துலேர்ந்தே பிறப்பு இறப்பு எழுதி வச்சாங்க, தெற்கு மாநிலங்கள்ல ஸ்டேட் லெவல் பதிவு ரொம்ப லேட்டாத்தான் வந்துச்சு, அதனால வர்ஜீனியா கரோலினா குடும்பம்னா நிலப் பத்திரமும் உயிலும்தான் கதி.

அவர் எந்த வருஷம் பொறந்திருக்கணும்?

போர் 1775 ஏப்ரல் 19 லெக்சிங்டன், கான்கார்டுல ஆரம்பிச்சு 1781 அக்டோபர் 19 யார்க்டவுன்ல பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடையற வரைக்கும் பெருசா நடந்துச்சு, ஒப்பந்தம் கையெழுத்தானது 1783 செப்டம்பர் 3. அதனால பெரும்பாலும் 1730-லேர்ந்து 1766 வாக்குல பொறந்தவங்க. இன்னும் சின்னப் பசங்க புல்லாங்குழல் ஊத, டிரம் அடிக்கப் போனதும் உண்டு. சில வீட்ல அப்பாவும் பையனும் ரெண்டு பேருமே போயிருப்பாங்க.

இங்க ஒரு சின்ன கவனம். இங்கிலாந்தும் அதோட காலனிகளும் 1752-ல காலண்டரை மாத்தி 11 நாளைத் தாண்டிப் போனாங்க, புது வருஷம் மார்ச் 25-ல ஆரம்பிச்சதை ஜனவரி 1க்கு கொண்டு வந்தாங்க. வாஷிங்டனே பழைய கணக்குல 1731 பிப்ரவரி 11, புது கணக்குல 1732 பிப்ரவரி 22. அதனால 1752க்கு முன்னாடி பொறந்தவருக்கு ரெண்டு பிறந்த தேதி இருந்தா உடனே ரெண்டு வேற வேற ஆள்னு நினைச்சுடாதீங்க.

கான்டினென்டல் ஆர்மி, ஸ்டேட் ட்ரூப்ஸ், மிலிஷியா எல்லாம் ஒண்ணுதானே?

இல்லைங்க, மூணும் வேற, ரெக்கார்ட் இருக்கிற இடமும் வேற. கான்டினென்டல்ங்கிறது காங்கிரஸ் கீழ வாஷிங்டன் நடத்தின நிரந்தரப் படை, ஒரு வருஷம் மூணு வருஷம்னு சேர்ந்தாங்க. ஸ்டேட் ட்ரூப்ஸ் அந்தந்த மாநிலம் சம்பளம் கொடுத்து வச்சிருந்த படை. மிலிஷியா ஊர்ப்படை, பெரும்பாலும் 16லேர்ந்து 60 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்க, ஆபத்து வந்தா சில வாரமோ ரெண்டு மூணு மாசமோ போயிட்டு அறுவடைக்குத் திரும்பி வந்துடுவாங்க. ஒரே ஆளே அஞ்சு தடவை அஞ்சு கேப்டன் கீழ போயிருக்கலாம். மிலிஷியாக்காரர்னா நேஷனல் ஆர்கைவ்ஸ்ல (மத்திய அரசோட ஆவணக் காப்பகம்) இல்லாம மாநில ஆர்கைவ்ஸ்லயோ கவுன்டி பேப்பர்லயோ மட்டும் பேர் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ரெக்கார்ட் எல்லாம் எரிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 1800 நவம்பர் 8-ல வார் டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல தீ பிடிச்சு அதுவரைக்கும் இருந்த ராணுவப் பதிவுகளும் ஆரம்பகால பென்ஷன் மனுக்களும் பெரும்பாலும் போயிடுச்சு, 1814-ல பிரிட்டிஷ்காரங்க வாஷிங்டனை கொளுத்தினப்போ இன்னும் கொஞ்சம் போச்சு. ஆனா அப்புறம் வேற வேற இடத்துல தப்பிச்ச மஸ்டர் ரோல் (படை ஆளுங்களோட ஹாஜர் பட்டியல்), பே ரோல் (சம்பளப் பட்டியல்) எல்லாத்தையும் அரசாங்கம் சேகரிச்சு 1890கள்ல ஒவ்வொரு ஆளுக்கும் தனி கார்டா எழுதி வச்சாங்க. இதுக்குப் பேர் கம்பைல்ட் சர்வீஸ் ரெக்கார்ட், நேஷனல் ஆர்கைவ்ஸ் மைக்ரோஃபில்ம் நம்பர் எம் 881. ஒரிஜினல் ரோல்கள் எம் 246. கார்ட்ல பேர், பதவி, ரெஜிமென்ட், கேப்டன், எந்த மாசம் ஹாஜர், எப்ப ஓடிப்போனார்னு வரைக்கும் இருக்கும், ஆனா மனைவி பேரோ அப்பா பேரோ இருக்காது. அதனால இந்த கார்ட் மட்டும் கையில வச்சுக்கிட்டு இவர் எங்க தாத்தான்னு சொல்ல முடியாது.

அப்போ எதுலதான் குடும்ப விவரம் கிடைக்கும்?

பென்ஷன் ஃபைல். இதைப் பத்தி நான் நாள் பூரா பேசுவேன். எம் 804னு ஒரு தொகுப்பு, சுமார் 80,000 ஃபைல், எல்லாமே ஸ்கேன் ஆகி நெட்ல இருக்கு. 200 வருஷத்துக்கு முன்னாடி எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சாதாரண விவசாயி, கோர்ட்ல நின்னு தன் வாழ்க்கையை சொல்லச் சொல்ல கிளார்க் எழுதிக்கிட்ட பேப்பர் இது. நான் எங்க பொறந்தேன், எந்த கேப்டன் கீழ போனேன், எந்த ஆத்தைக் கடந்தோம், போருக்கு அப்புறம் எந்தெந்த ஊர்ல இருந்தேன்னு வரிசையா வரும். ராஜா ராணி கதை எல்லா நாட்லயும் எழுதி வச்சிருக்காங்க, சாதாரண சிப்பாய் பேச்சு இவ்வளவு பெருசா அரசாங்க ஃபைல்ல பத்திரமா இருக்கிறது அபூர்வம்ங்க.

சட்டத்தைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா ஃபைல்ல என்ன தேடணும்னு புரியும். 1818 சட்டம் கான்டினென்டல் படையில குறைஞ்சது 9 மாசமோ இல்ல போர் முடியற வரைக்குமோ இருந்த, வறுமையில வாடுற ஆளுங்களுக்கு, சாதாரண சிப்பாய்க்கு மாசம் 8 டாலர், ஆபீசருக்கு 20. எதிர்பார்த்ததை விட ரொம்ப பேர் மனு போடவும் 1820-ல சொத்துக் கணக்கு காட்டுன்னு சட்டம் போட்டாங்க. அதனால அந்த வருஷத்து பேப்பர்ல ஒரு மாடு, ரெண்டு பன்னி, ஒரு பழைய கெட்டில், இவ்வளவு கடன்னு வீட்ல இருக்கிற தட்டுமுட்டு சாமான் வரைக்கும் லிஸ்ட் இருக்கும், கூடவே வீட்ல யார் யார் இருக்காங்க, வயசு என்ன, யாருக்கு உடம்பு முடியலைன்னும் இருக்கும். படிக்கும்போது மனசு கனத்துப் போகும், ஆனா வம்சாவளி தேடுறவங்களுக்கு இந்த பேப்பர் பொக்கிஷம்.

1832 ஜூன் 7 சட்டம்தான் பெரிய கதவைத் திறந்துச்சு. மிலிஷியா உட்பட மொத்தமா 6 மாசம் சேவை இருந்தாலே போதும், ஏழையா இருக்கணும்னு இல்லை, 2 வருஷம் இருந்தா முழு சம்பளம். எங்க பொறந்தீங்க, வயசுக்கு ஆதாரம் என்ன, இப்ப எங்க இருக்கீங்க, போருக்கு அப்புறம் எங்க இருந்தீங்கன்னு எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேள்வி கேட்டாங்க, பதில் அப்படியே ஃபைல்ல இருக்கு.

விதவைகளுக்கு 1836, 1838, 1848, 1853னு ஒவ்வொரு சட்டமா வந்து விதிகள் தளர்ந்துக்கிட்டே போச்சு. முதல்ல போர் சேவைக்கு முன்னாடியோ சேவைக் காலத்துலயோ கல்யாணம் ஆகியிருக்கணும், அப்புறம் 1794க்கு முன்னாடி, அப்புறம் 1800க்கு முன்னாடி, கடைசியா எப்ப பண்ணியிருந்தாலும் சரின்னு ஆயிடுச்சு. கல்யாணத்தை நிரூபிக்கணுமே, சர்டிஃபிகேட் ஏது, அதனால குடும்ப பைபிள்ல பிள்ளைங்க பேர் எழுதின பக்கத்தைக் கிழிச்சு அனுப்பிட்டாங்க. அந்தப் பக்கம் இன்னைக்கும் சில ஃபைல்ல அப்படியே இருக்கு. வயசான சிப்பாய்ங்க சின்னப் பொண்ணுங்களைக் கட்டினதால கடைசி விதவை இறந்தது 1906-ல, போர் முடிஞ்சு 120 வருஷத்துக்கும் மேல.

ஃபைல் நம்பர்ல எஸ், டபிள்யூ, ஆர்னு இருக்கே?

எஸ்னா சிப்பாய் உயிரோட இருந்து வாங்கின பென்ஷன். டபிள்யூனா விதவை. ஆர்னா ரிஜெக்ட் ஆனது. பி.எல்.டபிள்யூ.டி.ன்னு இருந்தா சேவைக்காக கொடுத்த நிலம். ரிஜெக்ட்னு பார்த்ததும் மூடிடாதீங்க, சேவை 6 மாசத்துக்கு கம்மி, சாட்சி கிடைக்கலைங்கிற காரணத்துக்கு எல்லாம் தள்ளியிருக்காங்க, அதை எதிர்த்து பிள்ளைங்க வருஷக்கணக்கா லெட்டர் போட்டிருப்பாங்க, அதனால ஆர் ஃபைல்ல குடும்ப விவரம் சில சமயம் அதிகமாவே இருக்கும். இன்னொண்ணு, சில இடத்துல எம் 805னு தேர்ந்தெடுத்த பக்கங்கள் மட்டும் இருக்கிற தொகுப்பு கிடைக்கும், அதைப் பார்த்துட்டு முழு ஃபைல் பார்த்தாச்சுன்னு நினைக்காதீங்க. எம் 804-ல கடைசிப் பக்கம் வரைக்கும் போங்க, 1900கள்ல பேத்தி எழுதி விசாரிச்ச லெட்டர் கூட பின்னாடி இருக்கும்.

பென்ஷன் ஃபைலே இல்லை, அப்போ அவர் போர்ல இல்லையா?

அப்படி இல்லைங்க. 1818க்கு முன்னாடியே செத்துப்போனவங்க எவ்வளவோ பேர், மனைவியும் போயிட்டா யார் மனு போடுவா. அப்போ மாநிலம் மாநிலமா தேடணும். மாசசூசெட்ஸ் மாநிலம் தன்னோட சிப்பாய்கள், மாலுமிகள் பேரை அகர வரிசையில 17 வால்யூமா அச்சடிச்சிருக்கு. தென் கரோலினாவுல மாடு, சோளம், குதிரை கொடுத்தவங்களுக்கும் சேவை செஞ்சவங்களுக்கும் கொடுத்த கடன் சீட்டுகளும் கணக்குகளும் மாநில ஆர்கைவ்ஸ்ல இருக்கு. நிலம் கொடுத்த ரெக்கார்டும் பாருங்க. காங்கிரஸ் சாதாரண சிப்பாய்க்கு 100 ஏக்கர், கர்னலுக்கு 500 ஏக்கர்னு அறிவிச்சுது, வர்ஜீனியா கென்டக்கியிலயும் ஓஹையோவுலயும் தனியா கொடுத்துச்சு, வட கரோலினா டென்னசி பக்கம், நியூயார்க் தன் மாநிலத்துக்குள்ளயே. ஜார்ஜியா நில லாட்டரியில பழைய சிப்பாய்க்கு கூடுதல் சீட்டு. ஆனா ரொம்ப பேர் அந்த நிலத்துக்கான வாரன்ட்டை (உரிமைச் சீட்டு) வியாபாரிங்ககிட்ட வித்துட்டாங்க, அதனால ஓஹையோவுல நிலம் இருந்துச்சுன்னா அங்க குடிபோனார்னு அர்த்தம் இல்லை.

அதே பேர்ல, அதே மாநிலத்துல நாலு பேர். எப்படி பிரிக்கிறது?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, இதுக்குத்தான் பொறுமை வேணும். முதல்ல கேப்டன் பேரைப் பிடிங்க. ஒரு கம்பெனி பெரும்பாலும் ஒரே ஊரு, ஒரே கவுன்டி ஆளுங்களை சேர்த்ததுதான், கேப்டன் எந்த ஊர்க்காரர்னு தெரிஞ்சா சிப்பாய் எந்த ஊர்னு தெரிஞ்ச மாதிரி. உங்க தாத்தா அந்த வருஷம் அந்த ஊர்ல வரி கட்டினாரா, நிலம் வச்சிருந்தாரான்னு பாருங்க. கூட இருந்த சிப்பாய்ங்க பேரை எழுதி வச்சுக்கோங்க, அவங்கள்ல மச்சானோ பக்கத்து வீட்டுக்காரனோ இருப்பான், பின்னாடி ஒண்ணா கென்டக்கிக்கு குடி போயிருப்பாங்க, பென்ஷனுக்கு சாட்சி சொன்னதும் அவங்களாத்தான் இருக்கும்.

அப்புறம் மனைவி பேர், வயசு, கையெழுத்து. ஒருத்தர் தன் பேரை எழுதுவார், இன்னொருத்தர் சிலுவைக் குறி போடுவார், உயில்ல குறி போட்டிருந்து பென்ஷன்ல அழகா கையெழுத்து இருந்தா சந்தேகப்படுங்க (கடைசிக் காலத்துல கை நடுங்கி குறி போட்டவங்களும் உண்டுங்கிறதையும் மறக்காதீங்க). 1840 சென்சஸ்ல பென்ஷன் வாங்குறவங்க பேரும் வயசும் தனியா எழுதி, எந்த வீட்ல தங்கியிருந்தாங்கன்னும் இருக்கு, வயசான காலத்துல மக வீட்ல இருந்திருந்தா அந்த ஒரு வரியே ஒரு தலைமுறையைக் கட்டிக் கொடுத்துடும். பென்ஷன் கடைசியா பட்டுவாடா ஆன வவுச்சரையும் தேடுங்க, இறந்த தேதியும் சில சமயம் வாரிசுகள் பேரும் அதுல வரும்.

ஜூனியர், சீனியர்னு இருந்தா அப்பா பிள்ளைன்னு எடுத்துக்கக் கூடாது. ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், சித்தப்பாவா இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் செத்ததும் ஜூனியர் சீனியர் ஆயிடுவார். ஸ்பெல்லிங் விஷயம் சொல்லவே வேண்டாம், கிளார்க் காதுல விழுந்தபடி எழுதினதுதான் எல்லாமே.

டி.ஏ.ஆர் டேட்டாபேஸ்ல அவர் பேர் ஏற்கனவே இருக்கு. போதாதா?

டி.ஏ.ஆர்னா டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவொல்யூஷன், புரட்சிக்கு உதவினவங்களோட பெண் வாரிசுகள் சங்கம், 1890-ல ஆரம்பிச்சது, ஆண்களுக்கான சன்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவொல்யூஷன் 1889. டி.ஏ.ஆர் தேடல் தளம் இலவசம், கண்டிப்பா பாருங்க. ஆனா ஆரம்பகாலத்துல குடும்பத்துல சொன்னதை வச்சே உறுப்பினர் ஆக்கியிருக்காங்க, ரெண்டு பேரோட சேவையை ஒருத்தர் தலையில ஏத்தினதும் உண்டு. இனிமே வர்றவங்க சரியான சேவையை நிரூபிக்கணும்னு சிவப்பு எழுத்துல குறிப்பு இருந்தா அந்த இடத்துல பழைய பேப்பர் செல்லாது. பழைய மனுவோட நகலை வாங்கி அதை ஒரு துப்பா வச்சுக்கோங்க, ஆதாரமா நினைக்காதீங்க.

நம்ம பேத்திங்க சேர முடியுமான்னு கேட்கிறவங்களுக்கு: 18 வயசு ஆன எந்தப் பெண்ணும், இனம் மதம் எதுவா இருந்தாலும், நேரடி ரத்த வாரிசுன்னு நிரூபிச்சா சேரலாம், அம்மா வழியாவும் அப்பா வழியாவும். முப்பாட்டன் துப்பாக்கி தூக்கியிருக்கணும்னு கூட இல்லை, விசுவாசப் பிரமாணம் எடுத்தவர், போருக்காகப் போட்ட வரியைக் கட்டினவர், படைக்கு தானியம் கொடுத்தவர் எல்லாரும் கணக்குல வருவாங்க.

டி.என்.ஏ டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சுடுமா?

தனியா தெரியாது. ஏழு தலைமுறை மேல போனா 128 பாட்டன் பாட்டிங்க, ஒருத்தர்கிட்ட இருந்து சராசரியா ஒரு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் வரும், சிலர்கிட்ட இருந்து எதுவுமே வந்திருக்காது. ஆண் வழியா தொடர்ச்சியா வர்ற குடும்பத்துக்கு ஒய் டி.என்.ஏ (அப்பாகிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போறது) நல்ல துணை, ஆனா பேப்பர் இல்லாம அது அண்ணனா தம்பியான்னு சொல்லாது.

கறுப்பினத்தவங்க, பெண்கள் ரெக்கார்ட்ல இருக்காங்களா?

இருக்காங்க, தேடுறவங்கதான் குறைவு. 1778-ல ரோட் ஐலண்ட் அடிமைகளா இருந்தவங்களுக்கு விடுதலை தர்றதா சொல்லி ஃபர்ஸ்ட் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட்ல சேர்த்துச்சு. டெபோரா சாம்ப்சன் ஆண் வேஷத்துல ராபர்ட் ஷர்ட்லிஃப்ங்கிற பேர்ல 1782-ல மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்ல சேர்ந்தாங்க, பின்னாடி பென்ஷனும் வாங்கினாங்க. எசமானுக்குப் பதிலா போன அடிமைங்க ரோல்ல வெறும் முதல் பேரோட இருப்பாங்க, விடுதலை ஆனதும் சர்நேமை மாத்தியிருப்பாங்க, அதனால விடுதலைப் பத்திரத்தையும் பென்ஷன் மனுவையும் சேர்த்துப் படிக்கணும். பிரிட்டிஷ் பக்கம் போனவங்கன்னா 1783-ல நியூயார்க்கை விட்டுக் கப்பல்ல போன சுமார் 3,000 பேர் பேரோட புக் ஆஃப் நீக்ரோஸ்னு ஒரு பதிவேடு இருக்கு, பேர், வயசு, பழைய எசமான் யாருன்னு எல்லாம் வரும்.

அவர் எதிர்ப்பக்கம் இருந்திருந்தா?

அதுக்கும் வழி இருக்கு. ராஜா பக்கம் நின்ன லாயலிஸ்ட்கள் ரொம்ப பேர் கனடா போனாங்க, இழந்த சொத்துக்கு நஷ்டஈடு கேட்ட மனுக்கள் லண்டன் கியூவுல இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ஏ.ஓ. 12, ஏ.ஓ. 13னு இருக்கு. ஜெர்மன் சிப்பாய்ங்க சுமார் 30,000 பேர் வந்தாங்க, கொஞ்சம் பேர் இங்கேயே தங்கி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, ஹெஸ்ஸே பகுதி ஆளுங்க பட்டியல் மார்பர்க் ஆர்கைவ்ஸ் பக்கம் ஆன்லைன்லயே தேடலாம்.

இந்தப் போருக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டுங்க. பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும் சண்டை இங்கிருந்து நம்ம கடற்கரைக்கும் வந்துடுச்சு. 1778 அக்டோபர்ல புதுச்சேரியை பிரிட்டிஷ்காரங்க பிடிச்சாங்க, 1782-ல திருகோணமலை டச்சுக்காரங்ககிட்ட இருந்து பிரிட்டிஷ் கைக்குப் போய், அதே வருஷம் கடற்படைத் தளபதி சஃப்ரன் தலைமையில பிரெஞ்சுக் கைக்கு மாறிச்சு. 1783 ஜூன் 20 கடலூர் கடல் சண்டை நடக்கும்போது ஐரோப்பாவுல பூர்வாங்க ஒப்பந்தம் ஏற்கனவே ஆயிடுச்சு, சேதிதான் வந்து சேரலை. பென்சில்வேனியாக்காரங்க ஹைதர் அலி பேரையே ஒரு போர்க்கப்பலுக்கு வச்சு 1782 ஏப்ரல்ல டெலாவேர் விரிகுடாவுல பிரிட்டிஷ் கப்பலை பிடிச்சாங்க. முப்பாட்டன் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்லயோ கடற்படையிலயோ இருந்தவர்னா மெட்ராஸ் பக்க ரெக்கார்டையும் ஒரு எட்டு பாருங்க.

பழைய கையெழுத்து படிக்கவே முடியலையே?

முதல்ல கஷ்டம்தான், பத்து பக்கம் தாண்டினா கண்ணு பழகிடும். அந்தக் கால எஸ் எழுத்து எஃப் மாதிரி நீளமா இருக்கும். தேதி கூட இன்ஸ்டன்ட்னு இருந்தா அதே மாசம், அல்டிமோன்னு இருந்தா போன மாசம். ரெலிக்ட்னா விதவை. தெற்கு மாநிலத்து சிப்பாய்ன்னா சதர்ன் கேம்பெயின்ஸ் பென்ஷன் ஸ்டேட்மென்ட்ஸ் தளத்துல ஆயிரக்கணக்கான மனுக்களை டைப் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க, அங்க தாத்தா பேரை மட்டும் இல்லாம கேப்டன் பேரையும் ஊர் பேரையும் போட்டுத் தேடுங்க, வேற யாரோ ஒருத்தரோட மனுவுல சாட்சியா நம்ம ஆள் பேர் வந்திருக்கும்.

எவ்வளவு செலவாகும்?

ஃபேமிலிசர்ச்ங்கிற வம்சாவளித் தளம் இலவசம், நேஷனல் ஆர்கைவ்ஸ் கேட்டலாக் இலவசம். ராணுவ ரெக்கார்ட் இருக்கிற ஃபோல்ட்3 தளத்துக்கு சந்தா கட்டணும், ஆனா நிறைய பப்ளிக் லைப்ரரியில சும்மாவே பார்க்கலாம், வீட்ல சந்தா போடுறதுக்கு முன்னாடி லைப்ரரியில கேளுங்க. காசு போடுறதா இருந்தா கவுன்டி கோர்ட்ல இருந்து உயில், பத்திரம் நகல் வாங்க போடுங்க. அதுல நெட்ல வராததும் நிறைய இருக்கு.